ஏற்காட்டில் கூட்டம் அலைமோதுது... ஆனால் கிளை திறக்க செயின் ஹோட்டல்கள் ஏன் யோசிக்கணும்? முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணிக்கு ஏற்காடு போனவர்களுக்குத் தெரியும். ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் இருக்காது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் டேபிளுக்குக் காத்திருக்க வேண்டும். இதைப் பார்க்கும் யாருக்கும், "இங்க ஒரு ஹோட்டல் போட்டா கல்லா நிறைஞ்சிடும்" என்றுதான் தோன்றும்.

அதே ஏற்காட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். அதே டேபிள், அதே மாஸ்டர், அதே வாடகை. ஆள்தான் இருக்காது.

சேலத்திலோ கோவையிலோ 10 கிளைகள் நடத்தும் ஒரு செயின் ஹோட்டல், 11-வது கிளையை ஏற்காட்டில் திறக்க நினைத்தால் என்னென்ன ரிஸ்க்? அந்த ஒரு கிளையில் வரும் சிக்கல் கீழே இருக்கும் 10 கிளைகளை எப்படிப் பாதிக்கும்? ஹோட்டல் நடத்துபவர்கள் மட்டுமல்ல, நகையை அடகு வைத்தாவது ஒரு ஃபிரான்சைஸ் எடுத்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

'ரிஸ்க் ஃபேக்டர்' என்றால் என்ன?

ஒரு கம்பெனி பங்குச்சந்தைக்கு வரும்போது, செபி விதிப்படி ஓர் ஆவணம் வெளியிட வேண்டும். அதில் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். "எங்கள் தொழிலில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம்" என்று கம்பெனியே சொல்லும் பகுதி அது. கே.எஃப்.சி, பீட்சா ஹட் கிளைகளை நடத்தும் தேவயானி இன்டர்நேஷனல், சபையர் ஃபுட்ஸ் இரண்டும் 2021-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோதும் இப்படிப் பட்டியல் கொடுத்தன.

பெரும்பாலானோர் இந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். ஆனால் ஹோட்டல் தொழிலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அதே பட்டியலை ஏற்காட்டை வைத்துப் பார்ப்போம்.

ரிஸ்க் 1: வாரத்தில் 2 நாள்தான் வியாபாரம்

முதலில் ஒரு சின்ன கணக்கு. இது எந்த ஹோட்டலின் உண்மையான கணக்கும் இல்லை, புரிவதற்காகப் போடுவது.

வாடகை, சம்பளம், கரண்ட், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 6 லட்சம் ரூபாய் நிரந்தரச் செலவு என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு விற்றால் மளிகை, காய்கறி, கேஸ் போக 60 ரூபாய் மிஞ்சுகிறது. அப்படியானால் மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு விற்றால்தான் நஷ்டம் இல்லாமல் தப்பிக்க முடியும்.

- சனி, ஞாயிறு 8 நாள், தினம் 80,000 ரூபாய்: 6.40 லட்சம்
- மீதி 22 நாள், தினம் 18,000 ரூபாய்: 3.96 லட்சம்
- மொத்த விற்பனை: 10.36 லட்சம்
- செலவு போக லாபம்: 21,600 ரூபாய்

பரவாயில்லை, லாபம்தானே என்கிறீர்களா? மழையால் ஒரே ஒரு வார இறுதி படுத்துவிட்டால் 1.60 லட்சம் ரூபாய் விற்பனை போய்விடும். அந்த மாதம் 21,600 ரூபாய் லாபம், 74,400 ரூபாய் நஷ்டமாக மாறிவிடும்.

இதுதான் மலை வியாபாரத்தின் அடிப்படைச் சிக்கல். வருமானம் சில நாள்களில் குவிகிறது. செலவோ 30 நாளும் ஓடுகிறது. மே மாதம் கோடை விழா, மலர் கண்காட்சி சமயத்தில் சப்ளையர் போதவில்லை என்று ஆள் தேடுவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அதே ஆட்களுக்கு வேலை இருக்காது. நிறுத்திவிட்டால் அடுத்த சீசனுக்குத் தேர்ந்த ஆள் கிடைக்காது, வைத்துக்கொண்டால் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

ரிஸ்க் 2: 20 கொண்டை ஊசி வளைவு

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். சேர்வராயன் மலை மேல் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

பால், காய்கறி, சிலிண்டர், வேலையாட்கள், வாடிக்கையாளர்... எல்லாமே இந்தப் பாதைகளில்தான் மேலே வர வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. அடி விழுந்தது சேலத்து மலையில். இப்படி ஒரு நாளில் கீழே இருந்து சரக்கும் வராது, ஆளும் வர மாட்டார்கள். ஃபிரிட்ஜில் இருப்பது வீணாகும். ஆனால் வாடகை நிற்காது.

சமவெளியில் ஒரு சாலை அடைத்தால் அடுத்த தெரு இருக்கும். மலையில் அந்த வசதி கிடையாது. அதனால் இரண்டு, மூன்று நாளுக்கான மளிகையும் சிலிண்டரும் எப்போதும் மேலேயே இருப்பில் இருக்க வேண்டும். அந்த இருப்பில் பணம் முடங்கும், அதுவும் ஒரு செலவுதான்.

ரிஸ்க் 3: மாவு பொங்கலைன்னா?

செயின் ஹோட்டலின் பலமே 'எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே ருசி' என்பதுதான். இதற்காகத்தான் சென்ட்ரல் கிச்சன் வைக்கிறார்கள். மாவு, மசாலா, சாம்பார் பொடி எல்லாம் ஒரே இடத்தில் தயாராகி கிளைகளுக்குப் போகும்.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். இட்லி மாவு பொங்குவது சூட்டைப் பொறுத்தது. சேலத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, ஏற்காட்டின் டிசம்பர் குளிரில் அப்படியே கிடக்கும். கீழேயே புளிக்கவைத்து அனுப்பினால், நேரம் தவறும்போது அதிகமாகப் புளித்துவிடும்.

இன்னொன்று, 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் வேக கூடுதல் நேரமாகும், கேஸும் கூடுதலாகச் செலவாகும். சேலத்துக் கிளைக்கு எழுதிய செய்முறை அட்டையை அப்படியே மேலே ஒட்டினால் வேலைக்கு ஆகாது. "சேலத்துல சாப்பிட்ட மாதிரி இல்லையே" என்று வாடிக்கையாளர் சொன்னால், அவர் குறை சொல்வது அந்தக் கிளையை இல்லை, போர்டில் இருக்கும் பெயரை.

ரிஸ்க் 4: ஒரு கிளையில் தப்பு, எல்லா கிளைக்கும் அடி

செயின் ஹோட்டலின் மிகப்பெரிய ரிஸ்க் எது என்று கேட்டால், பதில் உணவுப் பாதுகாப்புதான்.

சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கும். ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தார். அங்கு சாப்பிட்ட மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்க உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்தியது. தப்பே செய்யாத கடைகளிலும் ஷவர்மா வியாபாரம் படுத்தது. ஓர் உயிர் போன பிறகு மக்கள் எந்தக் கடை நல்ல கடை என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரே பெயரில் 10 கிளைகள் இருந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவின் சிப்போட்லே நிறுவனம் இதற்கு உதாரணம். 2015 இறுதியில் அதன் சில கிளைகளில் சாப்பிட்டவர்களுக்கு ஈ-கோலி கிருமித் தொற்று வந்தது. அப்போது நிறுவனம் முதலில் மூடியது 43 கிளைகளைத்தான். ஆனால் அந்த டிசம்பரில், ஏற்கெனவே இயங்கிவந்த கிளைகளின் விற்பனை நாடு முழுக்க சராசரியாக 30 சதவீதம் சரிந்தது. 2015 முதல் 2018 வரை நடந்த உணவுப் பாதுகாப்பு சம்பவங்களுக்காக 2020-ல் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

ஏற்காடு கிளையில் இந்த ரிஸ்க் கூடும். கீழே இருந்து வரும் கறியும் பாலும் வழி முழுக்கக் குளிர் குறையாமல் வந்து சேர வேண்டும். வழியில் டிராஃபிக்கில் மாட்டினாலோ, மேலே கரண்ட் போனாலோ அந்தச் சங்கிலி அறுந்துவிடும். "இவ்வளவு சரக்கை எப்படிக் கொட்டறது?" என்று கிளை மேனேஜர் தயங்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

ரிஸ்க் 5: காபி மலையிலேயே காபி விலை உயர்ந்தால்?

சேர்வராயன் மலையில் காபி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காபி பயிரிட ஏற்பாடு செய்ததாகச் சொல்வார்கள். இன்றும் இது அரபிகா விளையும் மலை.

"தோட்டம் பக்கத்துலதானே இருக்கு, காபித்தூள் சல்லிசா கிடைக்குமே" என்று நினைக்கலாம். கிடைக்காது. காபி விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. பிரேசில் வறட்சி உள்ளிட்ட காரணங்களால் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு அது நல்ல செய்தி. அதே ஏற்காட்டில் டிகிரி காபி விற்பவருக்குத் தலைவலி.

தக்காளியும் அப்படித்தான். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் பர்கரில் தக்காளியையே நிறுத்தினார்கள். தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பர்கரில் தக்காளி இல்லாமல் ஓட்டலாம். நம்ம ஊரில் தக்காளி இல்லாமல் ரசமும் சட்னியும் எப்படி வைப்பது?

இதோடு 19 கிலோ வணிக சிலிண்டர் விலை வேறு மாதாமாதம் 1-ம் தேதி மாறும். செலவு தினமும் மாறலாம். மெனு கார்டை தினமும் மாற்ற முடியாது. அதுவும் எல்லாக் கிளையிலும் ஒரே விலை என்று விளம்பரம் செய்திருந்தால், ஏற்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் லாரி வாடகையைக்கூட விலையில் சேர்க்க முடியாது.

ரிஸ்க் 6: பில்லில் தெரியாத ஜி.எஸ்.டி

ஹோட்டல் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி பார்த்திருப்பீர்கள். 2017 நவம்பர் 15 முதல் இந்த விகிதம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. இந்த 5 சதவீத முறையில், தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை ஹோட்டல் கழித்துக்கொள்ள முடியாது.

கடை வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மேலே போட்ட கணக்கில் வாடகை 1.5 லட்சம் என்றால், அதற்கான வரி மட்டும் மாதம் 27,000 ரூபாய். அதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தால்? லாபமே 21,600 ரூபாய்தானே. போச்சு.

ரிஸ்க் 7: ஒரே உத்தரவில் மாறும் வியாபாரம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. இதை எதிர்த்து நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

இந்த உத்தரவுகள் ஏற்காட்டுக்கு இல்லை. ஆனால் ஏற்காடும் அதே மாதிரி ஒரு சின்ன மலை ஊர். வார இறுதியில் நெரிசலில் திணறுகிறது. மலையைக் காப்பாற்ற இப்படிக் கட்டுப்பாடு தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வார இறுதிக் கூட்டத்தை மட்டுமே நம்பிக் கணக்குப் போட்டவர், அந்தக் கட்டுப்பாடு ஒரு நாள் இங்கேயும் வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓர் ஆண்டுத் தடை என்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே உதாரணங்கள் உண்டு. ஒற்றைக் கடை என்றால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். செயின் ஹோட்டலில் மொத்தமாக வாங்கி வைத்த சரக்கு, அச்சடித்த மெனு, போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

ரிஸ்க் 8: கடனும் முதலாளியும்

சமையலறைக்கு வெளியேயும் ஆபத்து இருக்கிறது. இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள்.

முதலாவது, கஃபே காபி டே. சிக்மகளூரில் காபித் தோட்டக் குடும்பத்தில் பிறந்த வி.ஜி. சித்தார்த்தா 1996-ல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கடையைத் திறந்தார். 2019-ல் 1,700-க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. கடைகளில் கூட்டம் இருந்தது. ஆனால் 2019 மார்ச் கணக்குப்படி தாய் நிறுவனத்தின் மொத்தக் கடன் சுமார் 7,200 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலையில் சித்தார்த்தா மறைந்தார். பிறகு கடனை அடைக்க பெங்களூரு டெக் பார்க் உள்ளிட்ட சொத்துகள் விற்கப்பட்டன. கடன் பெருமளவு குறைந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் கிளைகள் சுமார் 500 ஆகச் சுருங்கின. இடையில் வந்த கொரோனாவும் சேர்ந்து அடித்தது.

இரண்டாவது, சரவண பவன். 1981-ல் சென்னை கே.கே. நகரில் தொடங்கி வெளிநாடுகள் வரை வளர்ந்தது. அதன் நிறுவனர் பி. ராஜகோபால், 2001-ல் நடந்த கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டார். ஆயுள் தண்டனையை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜூலையில் சரணடைந்த சில நாள்களிலேயே அவர் உயிரிழந்தார். அந்த 18 ஆண்டுகளும் ஹோட்டல்கள் திறந்தே இருந்தன. முதலாளி கோர்ட்டுக்கு அலைந்தபோதும் சாம்பார் ருசி மாறாமல் இருந்ததற்குக் காரணம், வேலை ஓர் ஆளை நம்பி இல்லாமல் ஒரு முறையை நம்பி நடந்ததுதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். கடையில் கூட்டம் இருப்பதும் கம்பெனி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. ஏற்காடு கிளைக்காக வாங்கும் கடனுக்கு சேலம் கிளையை ஈடாகக் கொடுத்தால், மலையில் பெய்யும் மழை கீழே நன்றாக ஓடும் கடையையும் நனைத்துவிடும்.

ஃபிரான்சைஸ் எடுக்கப் போறீங்களா?

இங்கே இன்னொரு ரிஸ்க் சேர்கிறது. ராயல்டி என்பது பொதுவாக விற்பனையில் ஒரு சதவீதம், லாபத்தில் அல்ல. மேலே போட்ட கணக்கில் 5 சதவீதம் ராயல்டி என்றால் 51,800 ரூபாய். லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! பெயர் கொடுத்தவருக்கு லாபம், கடை நடத்துபவருக்கு நஷ்டம் என்ற நிலை வரலாம்.

பெயர் கொடுப்பவரோடு தகராறு வந்தால் கடை என்னவாகும்? வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் நடத்திய விக்ரம் பக்‌ஷிக்கும் அந்த நிறுவனத்துக்கும் 2013-ல் மோதல் தொடங்கியது. 2017 ஜூனில் உரிமம் புதுப்பிக்கப்படாததால் டெல்லியில் இருந்த 55 கிளைகளில் 43 மூடப்பட்டன. 2019 மே மாதம்தான் சமரசம் ஆனது. நடுவில் வேலையில் இருந்தவர்கள் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள்.

அப்போ மலையில் கடையே போடக்கூடாதா?

அப்படி இல்லை. பல ஆண்டுகளாக மலையில் நன்றாக நடக்கும் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. மிளகாய் பஜ்ஜியும் சுக்கு காபியும் விற்பவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? குடும்பமே வேலை செய்கிறது, பெரிய கடன் இல்லை, கூட்டம் இல்லாத நாளில் அடுப்பைச் சின்னதாக எரிக்கிறார். அதாவது நிரந்தரச் செலவு குறைவு. செயின் ஹோட்டல் மலையேறும்போது கற்க வேண்டிய பாடம் இதுதான்.

கிளை திறப்பதற்கு முன், அல்லது ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- மாதத்தில் ஒரு வார இறுதி முழுக்க வியாபாரம் இல்லை என்றால் தாங்குமா? தொடர்ந்து 3 மாதம் அப்படி நடந்தால்?
- மே மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டார்களா, ஜூலை மாத வருமானத்தை வைத்தா?
- பாதை 3 நாள் அடைத்தால் மேலே என்ன இருப்பு இருக்கும்?
- கெட்டுப்போன சந்தேகம் வந்தால் சரக்கைக் கொட்ட கிளை மேனேஜருக்கு அதிகாரம் உண்டா, அல்லது தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டுமா?
- வாடகைக்கான ஜி.எஸ்.டி, ராயல்டி இரண்டையும் சேர்த்த பிறகும் லாபம் மிஞ்சுகிறதா?
- இந்தக் கடனுக்கு ஈடு எது? கடை மட்டுமா, அல்லது குடியிருக்கும் வீடுமா?
- ஒப்பந்தம் முறிந்தால் போர்டு யாருடையது, அடுப்பும் டேபிளும் யாருடையது?

இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தில் எழுதிய பதில் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், கூட்டத்தைப் பாருங்க" என்று மட்டும் பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஏற்காட்டுக்குப் போய், அந்த இடத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு அட்வான்ஸ் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள்.